யானை விலை

2019 அக்டோபர் 29, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். தீபாவளி கழிந்து இரண்டாம் நாள். விடிந்ததிலிருந்து விடாத மழை. தச்சநல்லூரில் எங்கள் தெருவில் தண்ணீர் இரண்டாம் படி வரை ஏறியிருந்தது. அந்தத் தண்ணீரில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி வந்தார். ஜவுளிக்கடைப் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தார். பைக்குள் காகிதங்கள். பிறகு எண்ணினேன், முப்பத்திரண்டு தாள்.

"சார்வாள், ஒரு சின்ன பேப்பர் வந்திருக்கு. பைய பாருங்க" என்றார்.

நான் முப்பத்தாறு வருடம் அஞ்சல் துறையில் இருந்து, தபால் அதிகாரியாக ஓய்வு பெற்றவன். பைய, மெதுவாகப் பார்க்க வேண்டிய காகிதத்தை யாரும் மழையில் நனைந்துகொண்டு கொண்டுவருவதில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து முதல் தாளிலிருந்து படித்தேன்.

என் மகள் கருப்பட்டி விற்கிறாள். திசையன்விளைப் பக்கம் வாங்கி, சுக்கு தட்டிப்போட்டது, ஏலம் போட்டது என்று பாக்கெட் செய்து, இணையத்தில் ஆர்டர் எடுத்து அனுப்புகிறாள். அந்தக் கடைக்கு இணையத்தில் ஒரு முகவரி உண்டு. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றாலும் எழுதக் கை வரவில்லை. ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து, புள்ளியும் காமும் சேர்த்தால் பதின்மூன்று. பனங்காட்டுப் பக்கத்தில் தினமும் புழங்குகிற ஒரு சாதாரணச் சொல்தான். அதே சொல்லை வடக்கே ஒரு நிறுவனம் தன் குளியல் சோப்புக்கு வணிகப் பெயராகப் பதிந்து வைத்திருக்கிறது. முகவரியையும் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று, இப்படிப்பட்ட வழக்குகளை விசாரிக்கும் ஒரு வெளிநாட்டு மையத்தில் அது புகார் கொடுத்திருந்தது.

புகாரில் எதிராளியின் பெயர் என் மகளுடையது அல்ல. வந்து நின்றாரே, அவருடையது.

இருபது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் புகார்க்காரர் சொன்னதை மட்டும் வைத்து நடுவர் தீர்ப்பு எழுதுவார். தாளின் தேதியைப் பார்த்தேன். அக்டோபர் 16. பதின்மூன்று நாள் போயிருந்தது.

"பதிமூணு நாளா இத எங்கவே வச்சிருந்தீரு?"

"மெயில்லதான் இருந்துச்சு சார்வாள். தீபாவளி கழியட்டும்னு பாத்தேன். பண்டிகையும் அதுவுமா பிள்ளை மனசு நோகும்லா."

தபாலை வாங்க மறுத்தால் வழக்கே காற்றில் கரைந்துவிடும் என்று நினைத்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்தவர் மனம் நோகும் என்று மறைத்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

தச்சநல்லூர் மெயின் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஊருக்கு அண்ணாச்சி என்றால் எனக்கும் அண்ணாச்சிதான். கைராசிக்காரர் என்று பெயர். அவர் அழுத்தி அனுப்பிய முதல் வேலை விண்ணப்பத்திலேயே ஒரு பெண்ணுக்கு ஆசிரியை வேலை கிடைத்ததாம். அதற்குப் பிறகு பாஸ்போர்ட், பரீட்சை, பட்டா எதுவானாலும் கடைசி பட்டனை அவர்தான் அழுத்த வேண்டும். விவரங்களை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம். அவர் சாப்பிடப் போயிருந்தால் ஆட்கள் காத்திருப்பார்கள். வந்ததும் வலது கையைத் துண்டில் துடைப்பார், சுட்டுவிரலால் ஒரே அழுத்து. "போயிட்டு வா" என்று விண்ணப்பத்துக்கே விடை கொடுப்பார். கிறிஸ்தவனுக்குக் கைராசி என்ன கைராசி என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் என் ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று அனுப்ப நானும் ஒரு முறை நாற்பது நிமிடம் அவருக்காகக் காத்திருந்தேன்.

இல்லை என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. முடியாது, வேண்டாம் இவற்றையும் கேட்டதில்லை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொன்னால் விளங்காது என்பது இந்தப் பக்கத்து வியாபாரிகள் பலருக்கும் உள்ள நம்பிக்கை. மற்றவர்கள் கடையோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் அதை வீட்டுக்கும் தெருவுக்கும் கொண்டுபோய்விட்டார். ஜெராக்ஸ் பேப்பர் தீர்ந்தால் "வந்துக்கிட்டு இருக்கு". கரண்ட் போனால் "இந்தா வரப்போவுது". கைமாற்றுக் கேட்டால் "குடுத்தாப் போச்சு, பைய பாப்போம்". பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன் தோற்றிருந்தால் "அடுத்த தடவ ஜம்முனு வந்துரும்லே" என்று முதுகில் தட்டுவார். அந்தப் பையன் பாதிச் சிரிப்போடுதான் வெளியே போவான்.

"ஒரு தடவ இல்லைன்னு சொல்லித்தான் பாருமே. என்ன ஆயிரும்?" என்று ஒரு நாள் அவரைச் சீண்டினேன்.

"வாயும் கையும் ஒரே ஒடம்புலதான சார்வாள் இருக்கு" என்று சிரித்தார்.

ஊர்க்காரர்களுடைய எல்லாவற்றையும் தன் பேரில் வைத்துக்கொள்வது அவருடைய இன்னொரு வழக்கம். மருமகனுக்கு வளைகுடாவில் வேலை போய், என் மகள் இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து கடை தொடங்கிய 2013இல், இணைய முகவரி பதிய அவரிடம்தான் போனோம். "என் பேருல இருக்கட்டும் தாயி. பாஸ்வேர்ட நீ தொலச்சிருவ. நம்மகிட்ட இருந்தா பத்திரம்" என்றார். கைராசிக்காரர் பேரில் இருந்தால் கடை விளங்கும் என்று நானும் பேசாமல் இருந்தேன். முதல் வாரமே சார்ஜாவிலிருந்து ஆர்டர் வந்தது. ஆறு வருடத்தில் நாலு பெண்கள் பாக்கெட் போட வந்து சேர்ந்தார்கள். அத்தனை பாக்கெட்டிலும் அந்த முகவரிதான் அச்சாகியிருக்கிறது. வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் அடுத்த ஆர்டர் போடுகிறார்கள். முகவரி போனால் அந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுப் பத்திரத்தையும் ஓய்வூதியப் புத்தகத்தையும் ஒரு பையில் போட்டுப் பீரோவின் அடித்தட்டில் வைத்தேன். அடித்தட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று எடுத்து மேல்தட்டில் வைத்தேன். "அப்பா, சும்மா இருங்கப்பா. உங்களப் பாத்தா எனக்கும் பயமா வருது" என்றாள் மகள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

மறுநாள் மூவரும் பாளையங்கோட்டைக்குப் போனோம். எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண் அங்கே வக்கீலாக இருக்கிறார். வயல் வரப்பு, வீட்டுச் சுவர் வழக்குகள்தான் நடத்துவார். முப்பத்திரண்டு தாளையும் எங்கள் முன்னாலேயே படித்தார். அது முடிவதற்குள் நான் மூன்று முறை தண்ணீர் குடித்தேன்.

"போலீஸ் வருமாம்மா?"

"இதுக்குப் போலீஸ் கிடையாது அங்கிள். இது வரப்புத் தகராறு மாதிரிதான், வரப்பு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மூணு விஷயத்த அவங்க நிரூபிக்கணும். பேர் ஒண்ணுதான்னு காட்டணும், அது அவங்களால முடியும். நமக்கு அந்தப் பேர்ல உரிமையில்லன்னு காட்டணும். ஆறு வருஷமாக் கடை நடக்குது, பில் இருக்கு, கடைக்காகத்தான் பதிஞ்சேன்னு அண்ணாச்சி எழுதிக் குடுத்தா அத நான் பாத்துக்கிடுதேன். மூணாவது, கெட்ட நோக்கத்தோட பதிஞ்சி வச்சிருக்கோம்னு காட்டணும்." கடைசித் தாள்களைப் புரட்டினார். "அண்ணாச்சி, உங்க பேர்ல நாப்பத்தோரு முகவரி இருக்காமே?"

"ஆமா வக்கீலம்மா. பூக்கடை, கல்யாண மண்டபம், லேத் பட்டறை, எல்லாம் நம்ம சனங்களோடது."

"பேர்களப் பதுக்கி வச்சி விக்கிற ஆளுன்னு எழுதியிருக்காங்க. ஒவ்வொண்ணுலயும் நிஜமான கடை இருக்குல்லா, அதத் தெறந்து காட்டிருவோம்." அடுத்த தாளில் அவர் விரல் நின்றது. "இது என்னது? போன மார்ச்ல அவங்க விக்கிறீங்களான்னு கேட்டு உங்களுக்கு மெயில் போட்டிருக்காங்க. இருபத்தஞ்சு லட்சம்னா பாக்கலாம்னு நீங்க பதில் எழுதியிருக்கீங்க."

மகள்தான் கேட்டாள். "அண்ணாச்சி, என் கடைய விக்கவா பாத்திய?"

"தாயி, நான் அவன அனுப்பிவிட்டம்மா" என்றார் அவர். முகம் முழுக்க வியர்வை. "தொழுவத்துல நிக்கிற மாட்ட ஒருத்தன் வெல கேக்கான்னு வையி. அவன் மொகம் வாடுத மாதிரி பேசலாமா? யான வெல சொன்னா சிரிச்சிக்கிட்டே போயிருவான். நான் யான வெலதான் சொன்னேன்."

"அவங்க சிரிக்கல. ஆதாரமா வச்சிருக்காங்க" என்றார் வக்கீல். "அண்ணாச்சி, நேராக் கேக்கேன். விக்கணும்னு நெனச்சீங்களா?"

"அடுத்தவன் பொருள ஒருத்தன் விப்பானா வக்கீலம்மா?"

"கேள்வி கேக்காதீங்க. நெனச்சீங்களா?"

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. சோப்பு நிறுவனத்தை நினைத்து வந்த பயம் அதன் முன் ஒன்றுமில்லை. திருடினாயா என்று கேட்டால் திருடன்கூட இல்லை என்று சொல்லிவிடுவான். இவர் நல்லவராகவே இருந்தாலும் அதைச் சொல்லமாட்டார். ஆறு வருடமாக என் மகளின் பிழைப்பு இருந்த மடியில் என்ன இருக்கிறது என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி இல்லை. ஒருவேளை அவர்கள் இருபத்தைந்து லட்சத்துக்குச் சரி என்றிருந்தால்? அதற்கு என்ன சொல்லி அவர்களை அனுப்பியிருப்பார்?

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் நான் உட்காரவில்லை.

வக்கீல் இரண்டு நாள் மையத்தின் விதிகளைப் படித்தார். கேட்டால் நாலு நாள் கூடுதலாகத் தருவார்கள் என்று கண்டுபிடித்து எழுதிப் போட்டார். கடைசி நாள் நவம்பர் 5 என்றிருந்தது 9 ஆனது. விற்க மனமில்லாவிட்டால் பெரிய விலை சொல்வது இவருடைய வழக்கம், அது மறுப்புத்தான் என்று ஊர்க்காரர்கள் நாலு பேராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

டீக்கடைக்காரர் முதலில் போட்டார். "இவரு பழைய சைக்கிள நான் கேட்டதுக்குப் பன்னெண்டாயிரம் சொன்னாரு வே! சிரிச்சிச் சிரிச்சி பாய்லரையே கவுக்கப் பாத்தேன். இந்த ஊர்ல பச்சப் பிள்ளைக்குத் தெரியும், அது தரமாட்டேன்னு அர்த்தம்." இப்படி மூன்று பேர் கிடைத்தார்கள். மூன்று தாளையும் வக்கீல் மேசையில் வைத்தேன். அவருக்குத் திருப்தியில்லை.

"இவங்க எல்லாரும் உங்க கூட்டாளிங்க. சிரிச்சவங்க சொன்னாப் போதாது அண்ணாச்சி. உங்க பேச்ச நெசம்னு நம்பி நஷ்டப்பட்டவங்க யாராவது உண்டா? அப்படி ஒருத்தர் சொன்னா நடுவரால தள்ள முடியாது. உங்களுக்குப் பரிஞ்சு பேச அவருக்கு அவசியம் கிடையாதுல்லா."

அண்ணாச்சி மேசை விளிம்பைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "மேலப்பாளையத்துல ஒரு பாய் உண்டு."

நவம்பர் 6, புதன்கிழமை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மேலப்பாளையத்தில் குறுகலான சந்து. வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தவர்தான் அந்த பாய். ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க அண்ணாச்சி! என்ன, குவைத்து வேல வந்துட்டா?" என்று பெரிதாகச் சிரித்தார். பழைய கேலி என்று தெரிந்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை.

உள்ளே உட்காரவைத்தார். அடுக்களையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தை வக்கீல் சொல்லச் சொல்ல அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் தலை நின்றது.

"இருங்கம்மா. வந்துக்கிட்டு இருக்குன்னு இவரு சொன்னா, கெடைக்காதுன்னு அர்த்தமா?"

வக்கீல் அண்ணாச்சியைப் பார்த்தார்.

"நாலு வருசத்துக்கு முந்தி குவைத்துல டிரைவர் வேலைக்கு இவரு கடையிலதான் போட்டேன். வந்துக்கிட்டு இருக்கு பாய், வந்துக்கிட்டு இருக்குன்னாரு. அண்ணாச்சி, அது எப்போ..."

அண்ணாச்சி எழுந்து நின்றார். வகுப்பில் பையன் எழுந்து நிற்பதுபோல இருந்தது. அவருடைய வலது கை துண்டுக்குள் இருந்தது.

"இல்ல பாய்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "அந்த வேல உங்களுக்கு இல்ல. மூணாம் நாளே இல்லன்னு மெயில் வந்துட்டு. நான் சொல்லல."

மிக்சி நின்றது.

பாய் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும். "ஏழு மாசம் வே" என்றார். "குவைத்து வருதுன்னு டைல்ஸ் கம்பெனி வேலைய விட்டேன். ஏழு மாசம் உம்ம கட வாசல்ல வந்து நின்னேன். வீட்ல கம்மல அடகு வச்சிச் சாப்ட்டோம். அந்த ஒரு சொல்ல அன்னைக்கே சொல்லியிருந்தீருன்னா மறுநாளே அந்த சீட்ல போயி உக்காந்திருப்பேன். கம்பெனிக்காரன் கூப்ட்டுக்கிட்டேதான் இருந்தான்."

"நல்லது நடக்கும்னு நெனச்சேன் பாய்."

"உமக்கு நடந்துச்சு. உம்ம கைராசி கெடாம இருந்துச்சு."

அடுக்களைத் திரைக்குப் பின்னால் ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எழுந்து போய்விடலாமா என்று நான் வாசலைப் பார்த்தேன். கையெழுத்து வாங்காமல் போனால் மீதி மூன்றே நாள். உட்கார்ந்தேன்.

வக்கீல் தாளை எடுக்கவே இல்லை. பாய்தான் கேட்டார். "என்ன எழுதணும்? இவரு சொன்னது எனக்குப் புரிஞ்சிதுன்னு எழுதினா கையெழுத்துப் போடமாட்டேன். அது பொய்."

"புரியலன்னே எழுதுவோம் பாய். நடந்தத நடந்தபடி."

"அப்பம் எழுதுங்க."

எழுதி வாசித்துக் காட்டினார். பாய் இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னார். ஏழு மாதம் என்பதை எழுத்திலும் எண்ணிலும் போடச் சொன்னார். பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "உங்க மகளுக்காவப் போடுதேன் சார். இவருக்காவ இல்ல."

வெளியே வந்ததும் அண்ணாச்சி சந்தின் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அன்று பஸ்ஸில் நான்தான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

நவம்பர் 8, வெள்ளிக்கிழமை, பதிலும் சாட்சித் தாள்களும் அனுப்பத் தயாராயின. அவருடைய கடையிலிருந்து, அவருடைய மெயிலிலிருந்துதான் போக வேண்டும். எல்லாம் இணைத்தாகிவிட்டது. பழக்கத்தில் எல்லோரும் அவருடைய கையைப் பார்த்தோம். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார்.

"நீயே அமுத்து தாயி" என்றார் என் மகளிடம்.

அவள் அழுத்தினாள். அதை அவர் அழுத்தியிருக்கலாமே என்று அந்த நிமிடம்கூட நினைத்தேன்.

அதன் பிறகு இருபத்தேழு நாள். மகள் அந்த நாட்களில் புது பாக்கெட் அச்சடிக்கக் கொடுக்கவில்லை. வீட்டில் போன் அடித்தால் முதல் மணிக்கே எடுப்பேன், ஆனால் காதில் வைக்கத் தைரியம் வராமல் அவளிடம் நீட்டுவேன். டிசம்பர் 5, வியாழக்கிழமை தீர்ப்பு வந்தது. பதினொரு பக்கம். புகார் தள்ளுபடி. விலை சொல்லும்படி நிறுவனமே கேட்டிருக்கிறது, அதற்கு வந்த பதில் விற்பதற்கான விருப்பம் அல்ல என்பதைச் சாட்சிகள் காட்டுகின்றன, தனக்கு நஷ்டம் ஏற்படுத்திய மனிதருக்காக ஒருவர் பொய் சொல்வார் என்று கருத இடமில்லை என்று நடுவர் எழுதியிருந்தார். பாயின் சாட்சியத்துக்கு மட்டும் ஒரு பக்கம் முழுக்க ஒதுக்கியிருந்தார். மகள் அதை வாசித்துத் தாளைக் கீழே வைத்துவிட்டு அழுதாள்.

அந்த வாரமே முகவரியை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்தார். மீதி நாற்பதையும் ஒவ்வொருவராகப் போன் போட்டு வரவழைத்து ஒப்படைத்தார். பாஸ்வேர்டைப் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் வைத்து அனுப்பினார்.

ஆனால் விஷயம் பரவிவிட்டது. டீக்கடைக்காரர் அதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொன்னார், கெடுதல் நினைக்கவில்லை. கேட்டவர்களுக்குச் சிரிப்போடு வேறொன்றும் தோன்றியது. இத்தனை வருடமாகத் தங்களிடம் சொன்ன எது நிஜம் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். கடையில் வந்து நின்று, "அண்ணாச்சி, இது நெசம்மா வருமா, இல்ல குவைத்தா?" என்று கேட்டார்கள். ஒரு கிழவி, முதியோர் பணம் கேட்டுப் போட்ட மனுவைப் பற்றி விசாரிக்க வந்தவள், அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். "வரும் ஆச்சி, இது வரும்" என்றார். அவள் நம்பவில்லை. பக்கத்துத் தெருவில் இன்னொரு சென்டருக்குப் போய் மறுபடி கேட்டாள். அவரும் பட்டனை அழுத்துவதை விட்டுவிட்டார். அவரவரையே அழுத்தச் சொன்னார். அழுத்துவதற்கு அவர் தேவையில்லை என்றால் அந்தக் கடையே எதற்கு?

ஜனவரியில் ஒரு நாள் போனேன், ஷட்டர் இறங்கியிருந்தது. மூன்று கம்ப்யூட்டரையும் ஜெராக்ஸ் மிஷினையும் ராதாபுரத்தில் யாருக்கோ விற்றுவிட்டார், அந்தப் பக்கம் தன் மகள் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இந்த வழக்கில் எனக்கு ஆன செலவு அதிகமில்லை. நோட்டரி, மொழிபெயர்ப்பு, நகல், பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்து நாலாயிரத்து எழுநூற்றுப் பத்து ரூபாய். வக்கீல் பீஸ் வாங்கவில்லை. இரண்டு கிலோ சுக்குக் கருப்பட்டி மட்டும் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரியில் ஜங்ஷன் பக்கம் பாயைப் பார்த்தேன். லோடு ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்தார். ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள் பாய் வீட்டுக்கு அண்ணாச்சி வந்தாராம். "உக்காரவும் மாட்டேன்னாரு சார். வேண்டாம்னு ரெண்டு தடவ சொன்னேன். ஆட்டோ சீட்ல வச்சிட்டு விறுவிறுன்னு போயிட்டாரு. மிஷின் வித்த காசு போல."

எவ்வளவு என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

டைல்ஸ் கம்பெனியில் அப்போது பாய்க்கு மாதச் சம்பளம் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. ஏழு மாதத்துக்கு, அறுபத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய்.